மேடவாக்கம் ஏரிக்கரையில் கார்த்திகை

1988, மார்கழி. நானே செய்த தொலைநோக்கியைத் திருச்சியிலிருந்து ரயிலில் கொண்டுவந்து, தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து மேடவாக்கம் ஏரிக்கரையில் நிற்கிறேன். விளக்கே இல்லாத இடம். கிழக்கே உயரத்தில் கார்த்திகை விண்மீன் கொத்தைக் குழலுக்குள் பிடித்த நேரத்தில் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுகிறது. ஓர் அக்கா, அவர் கணவர், இன்னும் இரண்டு பேர். ஆண்கள் கையில் உருட்டுக்கட்டை.

“இன்னா கொயாய் இது?” என்கிறார் அக்கா. “இங்க ரெண்டு வூட்ல திருடு போய்கீது. நீ யாரு?”

“நட்சத்திரம் பாக்க வந்தேங்க. நீங்களே பாருங்க.”

குனிந்து பார்க்கிறார். “ஒண்ணியும் காணோம். இருட்டாத்தான் கீது.”

கணவர் என் காலரைப் பிடிக்கிறார். பேசிக்கொண்டிருந்ததில் கொத்து நகர்ந்து குழலை விட்டு விலகிவிட்டது என்கிறேன். யாரும் நம்பவில்லை. அந்தப் பிடியில் நின்றபடியே குழலைத் திருப்பித் தேடுகிறேன். ஒருவழியாக அந்த வெள்ளைப் புள்ளிகள் அகப்படுகின்றன.

அக்கா மறுபடி குனிகிறார். நிமிரவே இல்லை.

“யோவ், அவர வுடு,” என்கிறார், கண்ணை எடுக்காமலே. “கட்டையக் கீழ போட்டுட்டு மெதுவா வா. தொட்டா ஆடுது.”