பெருமாளின் நான்காவது குறிப்பு

மாதாப்பூர் அலுவலகத்தில் ஜகதீசனுக்கு 'ஏக் ஏக் சார்', அதாவது 'ஒண்ணொண்ணா சார்' என்று பெயர். ஒரே கட்டளையில் துடைத்துப்போடக்கூடிய தகவலையும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அழிப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன தெரியும்?

2008 வரை அங்கே அவரைவிட அவசரக்காரர் கிடையாது. மௌலா அலியில் இருந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே பாதி வேலையை மனத்துக்குள் முடித்துவிடுவார். அந்த வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் மென்பொருளில், ஏழு வருடமாக வராத நோயாளிகளை நீக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு நோயாளியின் கீழும் டாக்டர் எழுதிய குறிப்புகள் இருந்தன. பழைய நிரல் ஒவ்வொரு குறிப்பையும் வெளியே எடுத்து, பார்த்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஜகதீசன் ஒரே ஒரு வரி எழுதினார். எதையும் வெளியே எடுக்காமல் டேட்டாபேஸே அத்தனையையும் நான்கு விநாடியில் அழித்தது. மேனேஜர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

பழைய நிரல் அப்படி எடுத்துப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. டாக்டர் 'அழிக்கக்கூடாது' என்று குறியிட்டிருந்தால், பழைய நிரல் அந்தக் குறிப்பையும் அதற்குரிய நோயாளியையும் விட்டுவிடும். புது வரியில் அந்தச் சோதனை கிடையாது. ஜகதீசன் அதை மறந்தே போனார்.

மூன்றாவது வாரம் குகட்பள்ளியிலிருந்து பெருமாள் என்பவரை நினைவில்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கணினியில் பெருமாளே இல்லை. ஊசி போட்டார்கள். அரை மணியில் போய்விட்டார்.

பழைய நகலிலிருந்து ஜகதீசன் எல்லாவற்றையும் மீட்டார். பெருமாளின் நான்காவது குறிப்பும் திரும்பி வந்தது: 'பென்சிலின் ஆகாது. உயிருக்கு ஆபத்து.' பெருமாள் திரும்பி வரவில்லை.

பேர் திரும்பியதால், ஆறு மாதம் கழித்து, பரிசோதனைக்கு வரச்சொல்லிப் பெருமாள் வீட்டுப் போனுக்குத் தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். போனது. அதிலிருந்த மாதாப்பூர் அலுவலக எண்ணுக்கு மனைவி அன்னக்கிளி கூப்பிட்டாள். எடுத்தது ஜகதீசன்.

"அவரு போயி ஆறு மாசமாச்சு தம்பி. அந்தப் பேர எடுத்துடுங்க."

"எடுத்துடறேம்மா."

உடனே உட்கார்ந்தார். அந்த ஒற்றை வரியைத் தொட மனம் வரவில்லை. பழைய முறையிலேயே அழித்தார். முதல் மூன்று குறிப்புகளும் போயின. நான்காவதில் நிரல் நின்றுவிட்டது: அழிக்கக்கூடாது.

அந்தக் குறியை எடுக்க ஒரு நொடி போதும். அவரால் முடியவில்லை. பேரை அப்படியே விட்டு, எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நிறுத்திவிட்டு அன்னக்கிளிக்குப் போன் செய்தார்.

"எடுத்துட்டேம்மா."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்றாள்.