ஹேண்டிலுக்குள் ஒரு பித்தளைத் தகடு

செண்பகராஜுக்குச் சர்க்கரை வந்தது போன சித்திரையில். கோவில்பட்டி டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, நடங்கள், இல்லையென்றால் சைக்கிள் மிதியுங்கள் என்று சொல்லிவிட்டார். எட்டயபுரத்துக்கு மேற்கே நாலு ஏக்கர் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்தும் மக்காச்சோளமும், பெய்யாவிட்டால் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. சொந்தமாக ஒரு பைக் வாங்கிய நாளிலிருந்து ஐம்பத்திரண்டு வயது வரை அதிலேயே காலத்தை ஓட்டிவிட்ட மனிதர். நடப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சைக்கிள் அதைவிடக் குறைச்சல். ஆனால் டவுன் வக்கீல்களும் வாத்தியார்களும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ரேஸ் சைக்கிளில் குனிந்தபடி நாலுவழிச் சாலையில் பறப்பதைத் தினமும் பார்க்கப் பார்க்க மனசு இளகியது. அவர்கள் மிதித்தால் கௌரவம், நாம் மிதித்தால் மட்டும் குறைச்சலா?

கடையில் போய் விலை கேட்டார். முப்பதாயிரத்துக்குக் கீழே பேச்சே இல்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தபோதுதான், வீட்டுத் தொழுவத்தில், அடுப்பெரிக்க வைத்திருந்த பருத்திமாருக்கு அடியில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடப்பது நினைவுக்கு வந்தது. அது கல்யாணச் சீராக வந்த சைக்கிள். இருபத்தாறு வருடங்களாக அதில் யாரும் ஏறவில்லை.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்போது மில்லில் கூட வேலை பார்த்த ரெண்டு பேருக்கு மாமனார் வீட்டில் பைக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தனக்கும் வரும் என்று மாப்பிள்ளை மில் பூராவும் சொல்லி வைத்திருந்தார். பெண் வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் மரியாதை போய்விடுமாம். மாமனார் வன்னியபெருமாளோ குளத்தூரில் கொஞ்சம் மானாவாரியும் மிச்ச நாளில் உப்பளக் கூலியுமாக இருந்தவர். மாப்பிள்ளை பார்க்க வந்த பொங்கலன்று, ஊர் சைக்கிள் பந்தயத்தில் செண்பகராஜ் இரண்டாவதாக வந்ததை நின்று பார்த்திருந்தார். பையனுக்கு ரேஸ் சைக்கிள் என்றால் உயிர் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

கல்யாணத்தன்று பந்தலில் அண்டா, குத்துவிளக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்து, மல்லிகைப்பூச் சுற்றிய சைக்கிள் நின்றது. மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. மில் கூட்டாளிகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாகப் போய் ஹேண்டிலைப் பிடித்து ரெண்டு ஆட்டு ஆட்டினார்.

"எலே, இதை எடைக்குப் போட்டாப் பேரீச்சம்பழம் தருவான். பந்திக்கு ஆகும்."

பந்தலே சிரித்தது. அவர் கையை எடுத்த வேகத்தில் சைக்கிள் சாய்ந்து விழுந்தது. வன்னியபெருமாள்தான் வந்து தூக்கி, பந்தல் காலில் சாய்த்துவிட்டு, மண்ணைத் தோள் துண்டால் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டில் கை நனைத்ததில்லை. வருடம் தவறாமல் பொங்கல்படி கொண்டு வருவார். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் அரிசியையும் வாசலில் இறக்கி வைப்பார், ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார், அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். போகும்போது ஒருதரம் தொழுவத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பார். மாடு எத்தனை என்று எண்ணுகிறார் என்றே செண்பகராஜ் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சைக்கிளைத்தான் இப்போது ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, கோவில்பட்டி லிங்கராஜின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். மூவாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கண்டிப்பு. டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை மட்டும் புதுசு. பெடல் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. சீட்டு, மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச சைக்கிளில் இருந்து கழற்றியது.

போல்ட் எல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று லிங்கராஜ் மண்ணெண்ணெயோடு உட்கார்ந்தார். ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் வெண்ணெயாக வந்தது. இரும்பும் இரும்பும் சேருகிற ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் கிரீஸை அப்பி, மேலே துணி நாடா சுற்றியிருந்தது.

"அண்ணாச்சி, இதைப் பூட்டுன ஆளு உப்பளத்துக்காரரா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீய?"

"அவியதான் இப்படிச் செய்வாவ. உப்புக் காத்து இரும்பைத் தின்னுரும்லா. இது கடையில வாங்குன சைக்கிள் இல்ல அண்ணாச்சி. ஃபிரேம் ஒண்ணு, ஃபோர்க் வேறொண்ணு, ரெண்டு ரிம்மும் ரெண்டு ஊரு. எங்கெங்கயோ பொறுக்கி, அரத்தை வச்சு ராவி ராவிச் சேத்திருக்காவ. மூணு நாலு மாசத்து வேலை."

செண்பகராஜ் ரிம்மை விரலால் தொட்டுப் பார்த்தார். யாரோ ஓட்டிக் கழித்ததை மலிவாக வாங்கி, பெயின்ட் அடித்துத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தார். அப்படி நம்பியது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசியாக ஹேண்டிலைக் கழற்றினார்கள். கம்பி கொஞ்சம் மெலிசு, அதைப் பிடிக்கிற இரும்பு வாய் கொஞ்சம் பெரிசு. ஆடாமல் இறுக, இடைவெளிக்கு உள்ளே ஒரு பித்தளைத் தகடு சுற்றியிருந்தது. லிங்கராஜ் அதைத் துடைத்து வெளிச்சத்தில் நீட்டினார். பாத்திரக்கடையில் வெட்டுகிற மாதிரி புள்ளி புள்ளியாகப் பெயர் இருந்தது. 'சொர்ணத்' என்பதோடு தகடு முடிந்திருந்தது.

சொர்ணத்தாய் அவருடைய மாமியார். பத்து வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தகட்டை மனைவி இசக்கிச்செல்வியின் கையில் கொடுத்தார். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு, பெயரை விரலால் தடவினாள்.

"அம்மா குடம். அம்மாவைக் கட்டிக் குடுக்கும்போது தாத்தா வாங்கினது. கல்யாணம் முடிஞ்சு மறுமாசம் நான் போனேன்லா, அம்மா பிளாஸ்டிக் குடத்துல தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தா. பித்தளைக் குடம் எங்கம்மான்னேன். ஓட்டை விழுந்துட்டுன்னு சொன்னா."

தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தகடு போக மிச்சத்தை எடைக்குப் போட்டுத்தான் அப்பா டயர் வாங்கியிருப்பாவ" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சுளகை எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் சொல்லாததை இனியும் சொல்லப்போவதில்லை என்பது போலப் புடைத்துக்கொண்டேயிருந்தாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. எடைக்குப் போட்டால் என்று மாலையோடு நின்று தான் சொன்னது காதுக்குள் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

ஊர் பார்க்க அவமானப்படுத்தியதை ஊர் பார்க்கத்தான் தீர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அந்தச் சைக்கிளிலேயே குளத்தூருக்குப் புறப்பட்டார். தகட்டைப் பழைய இடத்திலேயே சுற்றிப் பூட்டச் சொல்லியிருந்தார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். விளாத்திகுளம் தாண்டும்போதே தொடை கடுத்தது. இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்தார். வழி நெடுக, கேட்க வேண்டிய மன்னிப்பை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'மாமா, அன்னைக்குப் பந்தல்ல நான் சொன்னது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க.' ஆளில்லாத கரிசல் காட்டில் அது சுலபமாகத்தான் வந்தது.

வன்னியபெருமாள் வீட்டுக்கு வெளியே வேம்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருக்குழாயில் நாலைந்து பேர் நின்றார்கள். வேர்வையில் நனைந்து வந்து இறங்கிய மருமகனை அவர் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் முறுக்கினார். அசையவில்லை. இன்னொரு தரம் முறுக்கினார்.

"ஆடலையே மாப்ள."

"இல்ல மாமா. ஆடலை."

"அன்னைக்கு நீங்க பிடிச்சு ஆட்டுனீயள்லா. பூட்டு லூசா இருந்திருக்கு, நாந்தான் சரியாப் பாக்கலைன்னு நெனைச்சேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மடியில ஸ்பேனரை வச்சுக்கிட்டுத்தான் வருவேன். கேக்கதுக்குக் கூச்சமா இருக்கும், அப்படியே திரும்பிருவேன்." கிழவர் ஹேண்டிலை மறுபடியும் அழுத்திப் பார்த்தார். "பூட்டு நல்லாத்தானே இருக்கு. அப்ப எதுக்கு மாப்ள…"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த மன்னிப்பு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. குழாயடியில் பேச்சு நின்றிருந்தது.

"சைக்கிள்ல ஒரு குத்தமும் இல்ல மாமா. நான் பைக்கு வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். வரலைன்னதும் வீம்புக்குச் செஞ்சேன். அதான்."

வன்னியபெருமாள் ஹேண்டிலில் இருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை.

"பைக்கா" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மாப்ள. என்னால முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவ குடத்தை வெட்டியிருக்க மாட்டேன்."

செண்பகராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.