தாலியில் ஒன்பது ஊக்கு

போன செவ்வாய்க்கிழமை. சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். டெக்னீஷியன் பெண் ஊக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு... மொத்தம் ஒன்பது!

எல்லாம் சரசக்காவின் தாலிக்கொடியில் மாட்டியிருந்தவை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் கணவர் மாதையனோடு பஜ்ஜிக் கடை வைத்திருப்பவர். அங்கே யாருக்காவது செருப்பு வார் அறுந்தாலோ, பை ஜிப் போனாலோ, அக்கா கழுத்திலிருந்து ஒரு ஊக்கு வந்துவிடும். எனக்கே எத்தனையோ தந்திருக்கிறார்.

மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆனவருக்கு மறுபடி ரத்தம். சதை எடுத்துச் சோதித்ததில் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. அது கருப்பைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவிவிட்டதா? ஆபரேஷன் மட்டும் போதுமா? அதைப் பார்க்கத்தான் எம்ஆர்ஐ. உள்ளே இருப்பது பெரிய காந்தம். ஆகவே உடம்பில் பொட்டு உலோகம்கூட இருக்கக் கூடாது.

ஊக்குகள் போயின. மெட்டி, சோப்பு போட்டதும் கழன்றது. தாலி?

“அது மட்டும் முடியாதுங்க. நான் ஊட்டுக்கே போறேன்.”

“இப்ப விட்டா அடுத்த வாரம்தாங்க டைம் கிடைக்கும்” என்றாள் டெக்னீஷியன்.

துணைக்குப் போயிருந்த நானும் கெஞ்சிப் பார்த்தேன். “அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ வந்து பதில் சொல்லுவியா கண்ணு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாத நேரத்தில் இது என்ன பிடிவாதம்?

ஓடிப்போய் வெளியே காத்திருந்த மாதையனைக் கூட்டிவந்தேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

“எம்பட உசுரு இதுலதான் இருக்குதா? கொண்டா சரசு, நானே போட்டுக்கறேன். எம்பட உசுரு எங்கிட்டயே இருக்கட்டும். நீ உள்ள போயி படுத்து எந்திரிச்சு வா.”

அக்கா கழற்றிக் கொடுத்தார்!

முக்கால் மணி நேரம். சட்டைக்கு மேலே தாலிக்கொடி தொங்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாதையன். எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

நேற்று ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டினோம். வெளியே எங்கும் பரவவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. கூடவே நல்ல திட்டும் கிடைத்தது — மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வர வேண்டாமா? எட்டு மாசமாகவா மறைப்பது?

மலையேறும் பஸ்ஸில் நானும் கேட்டேன். “ஏங்க்கா, தினமும் கடைக்கு வர்றேனே... எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“இதையெல்லாம் ஆருகிட்டச் சொல்றது? கறை தெரியக் கூடாதுன்னுதான் எப்பவும் மெரூன் சேலையாக் கட்டுனேன். ‘கலர் நொம்ப எடுப்பா இருக்குதுங்க்கா, எங்க எடுத்தீங்க’ன்னு நீதான கண்ணு கேட்ட?”

கேட்டேன்தான்... ஜவுளிக்கடைப் பெயரைக்கூட எழுதி வாங்கிக்கொண்டேன்.