அப்பாவின் தோளில் கிடந்த வளையம்

எங்கள் அருமை அப்பா மறைந்து ஓராண்டாகிறது. "நல்ல சாவு" என்று ஆறுதல் சொன்னார்கள் சிலர். இல்லவே இல்லை. அப்பாவின் காட்சியகம் இருக்குமா, மூடுமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கடையத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனை இழந்த அப்பா, ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து எங்களை ஆளாக்கினார்கள். மீட்டர்கேஜ் பாதையைப் பெயர்த்தபோது காயலான் கடைக்குப் போகவிருந்த கைவிளக்கு, மணி, கைகாட்டி எல்லாவற்றையும் நண்பர்களோடு கேட்டு வாங்கி, குத்துக்கல்வலசை வீட்டின் முன்பகுதியில் காட்சியகம் வைத்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பார்க்க வருவோரிடம் கட்டணமும் கிடையாது; பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

காட்சியகச் சாவி, தோளில் மாட்டும் பழைய டோக்கன் வளையத்தில் தொங்கும். ஒற்றைத் தண்டவாளத்தில், எதிரே வண்டி இல்லை என்பதற்கு அத்தாட்சியான அந்த வளையம் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. காட்சியகத்திலும் அதே சட்டம். சாவியைக் கையில்தான் கொடுக்க வேண்டும். பொறுப்பேற்பவர் "வாங்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சென்ற சீசனில் அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, குற்றாலத்தில் மேசை போட்டு மணியடித்து, பஸ்ஸில் வரச் சொல்லி, காரில் வந்தவர்களிடம் அப்பா மல்லுக்கட்டினார்கள். "ஆளுக்கொரு காரா? புகையத் திங்கவா அருவிக்கு வாரிய?" சிலர் சிரித்தார்கள். அங்கேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். தென்காசி என்ன, கூப்பிடு தூரம். ஆனால் சாலை முழுக்கக் கார். காட்சியகத் தோழர் பீர் பாய் இறங்கி ஓடிக் கண்ணாடி கண்ணாடியாகத் தட்டினார்.

"ஏலே, ஓரங்கட்டுலே! உள்ள அண்ணாச்சி உசுருக்குப் போராடுதாவ!"

ஓரங்கட்ட ஓரமே இல்லை. உள்ளே அப்பாவின் கை வளையத்தை விடவில்லை. ஊசி போட முடியவில்லை. நான் இழுத்தும் வரவில்லை. பீர் பாய் திரும்பி ஏறி, வளையத்தைப் பிடித்து, "அண்ணாச்சி, வாங்கியாச்சு" என்றார். விரல்கள் விட்டன. வண்டி மட்டும் நகரவில்லை. அங்கேயே எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் கழிந்ததும், "மூடிருவோம் பாய், சாவியத் தாங்க" என்றேன்.

"தாரேம்மா. வாங்கியாச்சுன்னு சொல்லிட்டு எடுத்துக்கோ."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மூடுவதற்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

துக்கத்தில் தோள்கொடுத்த உறவுகளுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், நேற்றுவரை காட்சியகத்தைத் திறந்து வைத்திருந்த பீர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வழிவிடாமல் நின்றவர்களுக்குச் சொல்ல நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. ஆண்டு நிறைவுக்கு வருபவர்கள் பஸ்ஸில் வாருங்கள். கார் நிறுத்த இடம் தரமாட்டோம். காட்சியகம் திறந்திருக்கும். நேற்று பீர் பாயிடம் கைநீட்டினேன்.

வாங்கியாச்சு, அப்பா.