பொன்முடி இறக்கத்தில் ஒரு ட்ரையல் வண்டி

பொன்முடி உச்சியில் சரக்கை இறக்கிவிட்டு எலக்ட்ரிக் லாரியின் டாஷ்போர்டைப் பார்த்தேன். ஏற்றத்தில் சார்ஜ் நாங்கள் போட்ட கணக்கைவிட வேகமாகக் குறைந்திருந்தது. மீதியை வைத்துத் திருவனந்தபுரம் டெப்போ போய்ச் சேருவோமா என்பதே சந்தேகம். வழியில் லாரிக்கேற்ற சார்ஜர் எதுவும் கிடையாது.

நான் அப்போது ஒரு சின்ன லாரி கம்பெனியில் சூப்பர்வைசர். மலை ஹோட்டல்களுக்குச் சரக்கு கொடுக்கும் எங்கள் பெரிய கஸ்டமர், அடுத்த கான்ட்ராக்டுக்கு எலக்ட்ரிக் வண்டிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் போனால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. முதலாளி லலிதா மேடம் விலையைக் கேட்டு மலைத்துப்போய், ஒரு வண்டியை ட்ரையலுக்கு வரவழைத்தார். "வழியில நின்னுதுன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்.

டிரைவர் செல்வின் களியக்காவிளைக்காரர். காலமெல்லாம் டீசல் வண்டி ஓட்டிய கை. இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் தள்ளினார்.

"சும்மா உருளட்டும் சாரே. சார்ஜ் மிச்சம் பிடிக்கலாம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சில வளைவுகள் தாண்டியதும் பிரேக் கருகும் வாசனை வந்தது. செல்வின் முகம் வெளுத்துவிட்டது.

"பயமாட்டு இருக்கு சாரே. கியர்ல போடுதேன். சார்ஜ் போனா போவட்டும்."

போட்டார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானே இழுத்துப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் டாஷ்போர்டில் சார்ஜ் கூடியிருந்தது. இறக்கத்தில் மோட்டாரே பேட்டரியை நிரப்பும் என்று வண்டி கொடுத்தவர்கள் சொன்னது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் நான் ரோட்டையே பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஏ.சி.யை அணைத்து, நெடுமங்காடு டவுன் நெரிசலில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு, சிவப்பு விளக்கு எரிய எரிய டெப்போவுக்குள் நுழைந்தோம்.

அங்கே காத்திருந்த லலிதா மேடத்திடம் நான் விவரம் சொல்ல வாயெடுத்தேன். மேடம் கேட்டது செல்வினை.

"நாளைக்கும் இந்த வண்டியை எடுத்துண்டு போவியா?"

செல்வின் மாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது.

"போவேன் மேடம். ஆனா வண்டி நின்னுட்டுன்னா எம்மேல குத்தம் சொல்லப்பிடாது."

மேடம் சொன்னார்:

"நின்னா வேற வண்டி அனுப்பறேன். கஸ்டமர்கிட்ட நானே பேசிக்கறேன். உம்மேல ஒரு சொல் வராது."

அதன் பிறகுதான் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு ஆர்டர் போனது.

மானியம், டீசல் விலை, கஸ்டமர் நெருக்கடி எல்லாம் ஒரு கம்பெனியை ஷோரூம் வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும். வண்டி நின்றால் பழி யார் தலையில் விழும் என்று தீர்மானிக்காத கம்பெனிகள் அந்த வாசலிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கம்பெனியில் அதை முதலில் கேளுங்கள். டிரைவரை வைத்துக்கொண்டு கேளுங்கள்.