டிவிடி ஆன்ட்டியின் பேய்ப்படம்

ஷார்ஜா முவைலாவில் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் வீட்டுக்குள் எந்தப் படம் வரலாம் என்று தீர்மானித்தவர் ஒரு சீனத்துப் பெண்மணி. கறுப்புப் பை நிறைய டிவிடிகளோடு கட்டடம் கட்டடமாக ஏறி, வீடு வீடாக விற்பார். நாங்கள் அவரை டிவிடி ஆன்ட்டி என்போம். அத்தனையும் திருட்டு டிவிடி என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒரு படத்தைக் காட்டி, என் தம்பியின் கன்னத்தைத் தட்டி "பேபி ஓகே" என்றால் வாங்கலாம். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு "பேபி நோ" என்றால் கொடூரமான பேய். விரல்களைக் குவித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் முத்தக் காட்சி. அம்மாவுக்குப் பேயைவிட அதுதான் பெரிய கலவரம்.

அந்த வருடம் மாடிவீட்டு பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் ஹாலோவீன் பேய்த் திருநாள் என்று கதவில் காகிதப் பூசணிக்காய் ஒட்டியதும், நம் வீட்டிலும் பேய்ப்படம் போட வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தான். ஒன்பது வயதில் எனக்கும் ஆசைதான், பயமும்தான். நாலு வயதுத் தம்பி ஒருமுறை அலறினாலும் டிவியை அணைத்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு அம்மா ஒத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், அப்பா டூட்டியிலிருந்து திரும்புவதற்கு முன், ஆன்ட்டி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் போட்டுக் காட்டினார். அண்ணன் கேட்டதற்கெல்லாம் கண்ணைப் பொத்தினார். அவர் ஓகே சொன்ன பேய்களெல்லாம் பாட்டுப் பாடின.

"இது பேயே இல்லம்மா, பல்லு வெளக்காத ஆளு" என்று அண்ணன் சலித்துக்கொண்டான்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. வாட்ச்மேனோடு, கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர். டிவிடி விற்பவர்களைத் தேடி வந்த அதிகாரிகள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அகப்பட்டால் ஆன்ட்டியை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். ஒளித்துவைத்த வீட்டுக்கும் விசா மிஞ்சாது. எல்லாம் தெரிந்தும் அம்மா சமையலறைப் பக்கம் கை காட்டினாள். ஆன்ட்டி பையை அணைத்துக்கொண்டு ஓடி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கினார். ஒரு டிவிடி மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

சீனாக்காரப் பெண் யாராவது வந்தாளா என்று கேட்டார்கள். "மாஃபி பாய், கோயி நஹி ஆயா" என்றாள் அம்மா, யாருமே வரவில்லை என்று. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை மிரட்டுகிற அம்மா! இந்தியில் சொல்லும் பொய்க்குச் சூடு கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தண்ணீர் குடிக்க, விளக்குப் போடாத சமையலறைக்குப் போயிருந்தான்.

"அம்மா! கிச்சன்ல பேய் ஒக்காந்திருக்கு!" என்று வீடே அதிர அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

கிச்சன் என்றால் யாருக்குத்தான் புரியாது? இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு டிவியைக் காட்டினாள். நல்லவேளையாக அங்கே ஒரு முகமூடிப் பேய் கையை விரித்துக்கொண்டு வந்தது. "பிக்சர் தேக்கா, டர் கயா" என்றாள், படம் பார்த்துப் பயந்துவிட்டானாம். அண்ணன் சட்டென்று சத்தத்தைக் கூட்டிவைத்தான். அவன் புத்திசாலித்தனமாகச் செய்து நான் பார்த்தது அந்த ஒன்றுதான். வந்தவர்களில் ஒருவர் சிரித்து, தம்பியின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பினார். லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்கும்வரை அம்மா கதவுக் கைப்பிடியை விடவில்லை.

பிறகு ஆன்ட்டியை எழுப்பி உட்காரவைத்து, மூன்று கரண்டி சீனி போட்டு டீ கொடுத்தாள். டிவிடியை விடாமலே அவர் டீயை வாங்கிக்கொண்டார். "கலாஸ், கலாஸ். முடிஞ்சுபோச்சு, போயிட்டாங்க" என்று அம்மா முதுகைத் தடவியதும் அவர் அழுதுவிட்டார். நானோ அவர் கையிலிருந்த டிவிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் பேய்ப்படம் விற்கிறவரையே இப்படி ஆட்டிவைக்கிறதென்றால், அசல் பேய்ப்படம் இதுதான்.

"இதையே வாங்கலாம்மா" என்றேன்.

அப்பா வந்ததும் ஐந்து பேரும் அதைப் பார்த்தோம். ஒரு குட்டி எலும்புக்கூடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படம் முழுக்க அழுதது. தம்பிகூடப் பயப்படவில்லை. அம்மா மட்டும் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"இதுல சிரிக்க என்ன புள்ள இருக்கு?" என்றார் அப்பா.

"எல்லாரும் இங்கனயே இருக்கோம்ல" என்றாள் அம்மா.

எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் ஸ்கூல் பஸ் வந்துவிடும். நாங்கள் வேறெங்கே போய்விடப் போகிறோம்?