பிச்சையின் தகப்பன் பெயர்

1. மஸ்கெலியாவிலிருந்து வந்த நகல்

பிறப்புப் பதிவின் நகலை இரண்டாம் முறை படித்தபோதும் அதில் தகப்பன் பெயர் வேறாகவே இருந்தது. அப்போது நான் இலங்கை மலையகத்து ஹட்டனில், பிரசாவுரிமை விண்ணப்பங்கள் எழுதித் தரும் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தேன். நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். ஆகவே, பழைய பதிவேடுகளில் ஒருவரைத் தேடுவதென்றால் அவருடைய தகப்பனைத் தேடுவதுதான்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளியான பிச்சை, தன் தகப்பன் கருப்பையா என்று சொல்லியிருந்தார். அப்படியே எழுதி, சத்தியம் செய்வித்து அனுப்பிவிட்டேன். பின்னர் மஸ்கெலியாப் பதிவகத்திலிருந்து வந்த நகலிலோ தகப்பன் வீரப்பன். அது வேறு யாருடைய பதிவோ என்று அதிகாரி நினைத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்; பிச்சை, மனைவி, மூன்று பிள்ளைகள் ஐவருமே நாடற்றவர்கள்.

யாழ்ப்பாணத்தவரான எங்கள் வழக்கறிஞர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, பதிவைப் பாராமல் படிவத்தை ஏன் அனுப்பினனீர்? பொய்ச் சத்தியம் எண்டு சொன்னால் என்ன செய்யப்போறீர்?”

பிச்சையை வரவழைத்தேன்.

“வீரப்பன் மாமாங்க அது. என்னயத் தவிட்டுக்கு வாங்குனவரு.”

பிச்சைக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் இறந்துபோனதால், எமனை ஏமாற்ற, நான்காவதான அவரைப் பக்கத்து லய வரிசைவீட்டு வீரப்பனுக்குத் தவிட்டுக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியவரே தோட்ட மருந்தகத்தில் தன் பிள்ளை என்று பதிந்தும் விட்டார். பெற்றவர்கள் இருவரும் இப்போது உயிரோடு இல்லை.

“இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவாங்களாம்மா? நான் ஹட்டனத் தாண்டி எங்கயும் போனதில்லீங்க.”

வீரப்பனைச் சாட்சிக்கு அழைத்துவரச் சொல்லி அவரை அனுப்பினேன்.

2. விசாரணை

வீரப்பன் சாட்சிக்கு வர அஞ்சினார். “பொய் எழுதிக் குடுத்தது நாந்தானே. என்னயப் புடிச்சு உள்ள போட்டுட்டா?” ஆனாலும் விசாரணை நாளன்று காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

அதிகாரி சிங்களவர். மொழிபெயர்ப்பாளர் தவிட்டுக் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

“எவ்வளவு தவிடு என்று கேட்கிறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“ஒரு மொறம்ங்க,” என்றார் வீரப்பன்.

“பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது?”

“பெத்தவுங்க வூட்லதாங்க. காய்ச்ச வந்தா மட்டும் எங்க காம்பரா வூட்டுக்குத் தூக்கியாந்துருவாங்க. அங்க இருந்தா எமன் தேட மாட்டானாம்.”

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி எடுத்தார். “அப்படியானால், இவன் உன் மகன் இல்லை என்று எழுதட்டுமா?”

வீரப்பன் பிச்சையைத் திரும்பிப் பார்த்தார். பிச்சை தரையைப் பார்த்தபடி நின்றார்.

“எழுதிக்குங்க தொரை,” என்றார் வீரப்பன்.

வெளியே வந்தபின் அவர் என்னிடம் சொன்னார்: “எனக்குப் புள்ள இல்லீங்கம்மா. அந்தப் பொஸ்தகத்துல மட்டும் ஒண்ணு இருந்துச்சு.”

பல மாதங்களுக்குப் பிறகு, பிச்சையின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. என் பிழையை வீரப்பன் தகப்பன் என்ற தன் பெயரை விட்டுக்கொடுத்துத் தீர்த்தார். அதன்பின் படிவத்தைத் தொடுமுன் எல்லோரிடமும் கேட்பேன்: “சின்னதுல உங்கள யாராச்சும் வாங்குனாங்களா?”

பலர் சிரித்துவிடுவார்கள். சிரிக்காதவர்களின் படிவத்தை, பதிவு கைக்கு வரும்வரை நான் அனுப்பியதில்லை.